வீட்டு ஆளைப் பாத்துக்க லீவு எடுக்கணுமா? நீலகிரி, கொடைக்கானல் ஆளுங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸ்ல ரொம்ப வருஷமா லீவு ரெஜிஸ்டர் பாத்தவன் நான். லீவு இருக்குறதே தெரியாம சம்பளம் இல்லாம வீட்ல இருந்தவங்க, மேஸ்திரிகிட்ட வாயால சொல்லிட்டு போயி திரும்பி வந்தப்ப பேரே இல்லாம நின்னவங்க, அம்மாவைப் பாத்துக்கணும்னு வேலைய எழுதிக் குடுத்துட்டு ரெண்டு மாசத்துல அம்மா எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சதும் வேலைக்கு அலைஞ்சவங்கன்னு எல்லாரையும் டேபிளுக்கு இந்தப் பக்கம் உக்காந்து பாத்தாச்சு. அதனால இது முழுக்க நம்ம மலைக்கு ஏத்த மாதிரி எழுதுனது, சமவெளியில ஆஸ்பத்திரிக்கு எதுத்த தெருவுல குடியிருக்கவங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். அப்பா அம்மாவுக்கு முடியல, அவங்களப் பாத்துக்க இத்தனை நாள் சம்பளத்தோட லீவுன்னு எல்லா வேலைக்காரங்களுக்கும் பொதுவா ஒரு சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. யூடியூப்ல யாராச்சும் இருக்குன்னு சொன்னா அது பெரும்பாலும் அமெரிக்கா கதை, அங்க 1993-ல வந்த ஒரு சட்டத்துல 12 வாரம் சம்பளமில்லா லீவு உண்டு, இங்க கோத்தகிரில வீட்ல உக்காந்து அமெரிக்க கம்பெனிக்கு வேலை பாத்தாலும் அந்த சட்டம் உங்களுக்கு ஒட்டாது, உங்க கம்பெனி ஹெச்.ஆர் பாலிசில "கேர்கிவர் லீவு"ன்னு தனியா எழுதியிருந்தா மட்டும் தான் உண்டு. மத்தவங்க எல்லாம் வேற வேற பேர்ல கையில இருக்க லீவுகள கோத்துத்தான் எடுக்கணும், அதை எப்படி கோக்குறதுன்னு தான் கீழ.

1. லீவு கேக்குறதுக்கு முன்னாடி நாளப் பிரிங்க

டாக்டர் ஆபரேஷன்னு சொன்ன உடனே ஓடிப்போயி ஒரு மாசம் லீவு வேணும்னு நிக்காதீங்க. மேனேஜரும் முடியாதுன்னு தான் சொல்லுவாரு, உங்களுக்கும் அந்த ஒரு மாசத்துல எந்த நாளு நிஜமா தேவைன்னு தெரியாது. முதல்ல டாக்டர்கிட்டயோ வார்டு சிஸ்டர்கிட்டயோ இதெல்லாம் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க: அட்மிஷன் எத்தனை நாள், கூட ஆளு ராத்திரியும் இருக்கணுமா, வீட்டுக்கு வந்தப்புறம் பாத்ரூம் போக ஆளு எத்தனை வாரம் வேணும், ரிவ்யூ எப்ப எப்ப, எந்த ரிவ்யூவ பக்கத்து ஜி.ஹெச்லயே பாத்துக்கலாம்.

நோய்க்கு நோய் கணக்கு மாறும். கண்புரை ஆபரேஷன்னா ரெண்டு மூணு நாளும் அப்புறம் ரிவ்யூவும் தான். வயசானவங்க வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா (நம்ம ஊரு ஈரப்படிக்கட்டுக்கு இது ரொம்ப சகஜம்) ஆஸ்பத்திரி நாளவிட வீட்ல படுத்திருக்க வாரங்க தான் ஜாஸ்தி. கீமோன்னா பெரும்பாலும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஊசி போட்ட அடுத்த சில நாள் தான் ஆளு ரொம்ப துவண்டு போவாங்க, மத்த நாளு ஓரளவு சமாளிச்சுக்குவாங்க, அதனால மாசக்கணக்கா லீவு போடறதவிட அந்த நாளுங்களுக்கு மட்டும் போடறது தான் புத்தி. டயாலிசிஸ் வேற மாதிரி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் நாலு மணி நேரம் வாக்குல, இது முடியுற விஷயம் இல்ல, இதுக்கு லீவே போட முடியாது, ஷிஃப்ட மாத்தணும், இல்ல வீட்ல வேற ஆளு போகணும். பக்கவாதம் வந்தா முதல் ரெண்டு மூணு மாசம் உடற்பயிற்சி கரெக்டா நடந்தாகணும், அந்த நேரத்துல தான் கை கால் நல்லா திரும்பும், அதுக்கு லீவ மிச்சம் வெக்காம எல்லாத்தையும் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்தே தீத்துட்டு வர்றவங்க தான் நிறைய.

வராண்டான்னதும் இன்னொண்ணு. கவர்மென்ட் ஆஸ்பத்திரி பொம்பளைங்க வார்டுல ராத்திரி கூட இருக்க பொம்பளை ஆளத்தான் விடுவாங்க. அம்மாவுக்கு முடியலன்னு மூணு பசங்களும் லீவு போட்டுட்டு வெளிய மரத்தடில உக்காந்திருப்பாங்க, உள்ள மருமக ஒத்தை ஆளா தூக்கம் இல்லாம கெடக்கும். பாசம் தான், இல்லைங்கல, ஆனா மூணு பேரோட லீவு வீணு. யாரு லீவு போடணும்ங்கறத நோயாளி எந்த வார்டுங்கறதும் சேந்து தான் முடிவு பண்ணும்.

2. கீழ எறங்கணுமா, மேலயே முடியுமா

மலையில லீவத் திங்கறது நோய் இல்ல, ரோடு. கோயம்புத்தூர்ல பத்து நிமிஷம் டாக்டரப் பாக்க ஊட்டில இருந்து ஒரு முழு நாளு போயிடும், மஞ்சூர், கீழ்கோத்தகிரி, பந்தலூர்னா சில சமயம் ரெண்டு நாளு. கொடைக்கானல்ல மன்னவனூர், பூம்பாறை பக்கம் இருந்து தேனி மெடிக்கல் காலேஜோ மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியோ போறவங்களுக்கும் இதே கதை தான்.

அதனால ஒவ்வொரு தடவையும் இதை மேலயே பாக்க முடியுமான்னு கேளுங்க. ஊட்டில இப்ப கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் இருக்கு, 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட புது ஆஸ்பத்திரி திறந்தாச்சு, முன்னாடி கோயம்புத்தூர்னு கண்ண மூடிட்டு எழுதிக் குடுத்த நிறைய கேஸ இங்கயே பாக்க வாய்ப்பிருக்கு. கீழ ஆபரேஷன் முடிச்சாலும் டிஸ்சார்ஜ் அன்னிக்கு டாக்டர்கிட்ட "டிரஸ்ஸிங், தையல் பிரிக்கறது, சுகர் ரத்தம் டெஸ்ட் எல்லாம் எங்க ஊரு ஜி.ஹெச்ல பண்ணிக்கலாமா சார், சீட்டுல எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க. எழுதி வாங்குறது முக்கியம், வாயால சொன்னத இங்க இருக்க டாக்டரு ஏத்துக்கணும்னு இல்லையே.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிரஷர் சுகர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க, படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு பிசியோதெரபியும், முத்துன நோய்க்காரங்களுக்கு வலி தணிக்கிற கவனிப்பும் இதுல வரும். மாசம் ஒரு தடவை மாத்திரை வாங்கறதுக்குன்னே லீவு போடறவங்க எத்தனை பேரு! உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி பேர எழுதி வைங்க, கிராம நர்ஸம்மாகிட்ட சொன்னாலே போதும்.

கீழ போயே ஆகணும்னா ரிவ்யூ எல்லாத்தையும் ஒரே நாள்ல போடச் சொல்லுங்க. எலும்பு டாக்டரு திங்கள், சுகர் டாக்டரு வியாழன்னு போட்டுத் தருவாங்க, கவுன்டர்ல கெஞ்சிக் கேட்டா பெரும்பாலும் மாத்தித் தருவாங்க.

3. உங்க கையில என்ன லீவு இருக்குன்னு பாருங்க

எஸ்டேட் ஆளுங்களுக்குத்தான் இத விரிவா சொல்லணும், ஏன்னா அங்க தான் யாரும் சொல்றதில்ல. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல இருந்தே 20 நாள் வேலை செஞ்சா 1 நாள் சம்பளத்தோட லீவுங்கற கணக்கு இருக்கு. 2025 நவம்பர் 21-ல நாலு புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தாச்சு, அதுலயும் அதே 20-க்கு 1 தான், அந்த வருஷத்துல 180 நாளாவது வேலை செஞ்சிருக்கணும். ஃபேக்டரில முன்னாடி 240 நாளுன்னு இருந்துச்சு, அது குறைஞ்சிருக்கு. வருஷத்துல 240 நாள் கொழுந்து பறிச்ச அக்காவுக்கு 12 நாள் வரும். வார லீவு, பண்டிகை லீவு நடுவுல வந்தா அது இந்த 12-ல சேராது, அதனால நல்லா பாத்து தேதி போட்டா 12 நாள் லீவு ரெண்டு வாரத்துக்கு மேல நீளும். செக்ரோல்ல (எஸ்டேட் வருகைப் பதிவேடு) உங்க பேருக்கு நேரா எத்தனை நாள் ஏறியிருக்குன்னு ஆபீஸ்ல கேளுங்க, கேக்குறதுக்கு உரிமை இருக்கு, கிளார்க்கு மூஞ்சிய சுளிச்சா சுளிக்கட்டும்.

எஸ்டேட்ல லைன் வீடு (கம்பெனி குடுக்குற குடியிருப்பு) யாரு பேர்ல இருக்குன்னும் யோசிங்க. நிறைய வீட்ல பொம்பளை தான் பர்மனென்ட், வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுவாரு இல்ல ஊட்டில கட்டட வேலைக்குப் போவாரு. மாமியாருக்கு முடியலன்னா உடனே "நீ நின்னுக்கோம்மா"ன்னு மருமகள நிறுத்திடுவாங்க, அன்னிக்குக் கூலி யாருக்கு கம்மின்னு பாத்து. ஆனா அந்தப் பொண்ணோட பேர்ல தான் வீடு, பி.எஃப், கிராஜுவிட்டி, போனஸ் எல்லாமே நிக்குது. தினக்கூலிய மட்டும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா தப்பான ஆளு வீட்ல நிப்பாங்க. இதை நான் வாய் வலிக்க சொல்லியிருக்கேன், ஆம்பளைங்க பாத்துக்கிட்டா என்னன்னு கேட்டா சிரிப்பாங்க.

கடை, ஷோரூம், தனியார் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947 இருக்கு. 12 மாசம் தொடர்ந்து வேலை செஞ்சவங்களுக்கு வருஷ லீவு 12 நாள், உடம்பு சரியில்லைன்னா 12 நாள், அதுபோக நியாயமான எந்தக் காரணத்துக்கும் கேஷுவல் லீவு 12 நாள். வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரில இருக்கறத விட நியாயமான காரணம் என்ன இருக்கு. ஊட்டி கமர்ஷியல் ரோட்ல, குன்னூர் பெட்போர்டுல கடையில நிக்கற பசங்க பாதிப்பேருக்கு இது தெரியவே தெரியாது.

ஹோட்டல், ரிசார்ட்டுக்கு 1958 கேட்டரிங் சட்டம்னு தனியா இருக்கு. அங்க லீவு நாளவிட சீசன் தான் பிரச்சினை, அதுக்குக் கீழ வர்றேன்.

மாநில அரசு ஊழியர்னா சி.எல் (கேஷுவல் லீவு) வருஷத்துக்கு 12, ஈ.எல் (ஈட்டிய விடுப்பு) 30 (ஜனவரி ஒண்ணுக்கு 15, ஜூலை ஒண்ணுக்கு 15 ஏறும்). சி.எல்ல ஈ.எல்லோட ஒட்டிப் போட முடியாதுங்கறத மறந்துடாதீங்க, மூணு நாளு சி.எல் போட்டுட்டு அப்படியே ஈ.எல்னு நீட்டினா மொத்தத்தையும் ஈ.எல்லா மாத்தச் சொல்லிடுவாங்க. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, வெல்லிங்டன், போஸ்ட் ஆபீஸ் மாதிரி மத்திய அரசு பக்கம் ஈ.எல் 30, அரைச்சம்பள லீவு 20, சி.எல் 8. அந்த அரைச்சம்பள லீவ சொந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம், அம்மா அப்பாவப் பாத்துக்க அது தான் கைகுடுக்கும். குழந்தை பராமரிப்பு லீவு 730 நாள்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது பெண் ஊழியர்களுக்கும் மனைவி இல்லாம தனியா குழந்தை வளக்குற அப்பாக்களுக்கும், 18 வயசு வரைக்குமான முதல் ரெண்டு குழந்தைகளுக்கு மட்டும் (மாற்றுத்திறன் குழந்தைன்னா வயசு வரம்பு இல்ல), முதல் 365 நாளுக்கு முழு சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். மாமனாருக்கு அத எடுக்க முடியாது, சிலபேரு கேட்டுப் பாத்திருக்காங்க.

இ.எஸ்.ஐ பிடிக்கிறவங்க ஒரு விஷயம் தெளிவா வெச்சுக்கோங்க. அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தா அவங்களுக்கு வைத்தியம் கிடைக்கும், ஆனா 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும்ங்கறது உங்களுக்கே உடம்பு சரியில்லைன்னா மட்டும் தான்.

அதான் சாக்குன்னு "எனக்கே டைஃபாய்டு"ன்னு சர்டிஃபிகேட் வாங்கிக் குடுக்கற பழக்கம் நம்ம ஊர்ல நல்லாவே இருக்கு, டாக்டருங்களும் எழுதித் தர்றாங்க. பண்ணாதீங்க. நீங்க கோயம்புத்தூர்ல அப்பாவோட ஐ.சி.யூ வாசல்ல நிக்கிறது ஊருக்கே தெரியும், ஆபீஸ்ல மட்டும் தெரியாம இருக்குமா? பிடிக்காத ஒருத்தன் ஒரு ஃபோட்டோவ அனுப்பிட்டா விசாரணைன்னு வந்துடும். உங்க நோய்க்குன்னு இருக்க லீவும் கரைஞ்சு, அப்புறம் நிஜமாவே நீங்க படுத்தா கையில ஒண்ணும் இருக்காது.

4. ஆளுங்களப் பிரிக்கறது

ரிஜிஸ்டர்ல எத்தனை நாள் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் தான் அண்ணன் தம்பிங்கள கூப்பிட்டு உக்காரணும். பாதி வீட்ல ஒருத்தர் திருப்பூர்ல, ஒருத்தர் கோயம்புத்தூர்ல இருப்பாங்க. நோயாளி கீழ ஆஸ்பத்திரில இருக்க நாள அவங்க பாத்துக்கட்டும், மேல வீட்டுக்கு வந்தப்புறம் இங்க இருக்கவங்க லீவு போடட்டும். சொன்னா இவ்ளோ தான், ஆனா நடக்குறது தலைகீழா, மேல இருக்கவரு தான் லீவு போட்டுட்டு கீழ போயி லாட்ஜ்ல தங்குவாரு, கீழ இருக்கவரு சாயங்காலம் ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போவாரு.

வரவே முடியாதவங்க பணமா குடுக்கட்டும். லீவு போட்டவங்களோட போன சம்பளத்துல ஒரு பங்கு, இல்ல பகல்ல பாத்துக்க வர்ற ஒரு அக்காவுக்கான கூலி. கேக்க கூச்சமா இருந்தா சித்தப்பாவையோ பெரியம்மாவையோ வெச்சுப் பேசுங்க. பேசாம மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு அப்புறம் சொத்து பிரிக்கும்போது எல்லாம் வெளிய வரும், அதுக்கு இப்பவே பேசிடறது மேலு.

கீழ இருந்து சொந்தக்காரங்க சொந்த கார்ல வர்றாங்கன்னா இ-பாஸ் ஞாபகப்படுத்துங்க. ஹைகோர்ட் உத்தரவால 2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிக்கு இது வேணும், 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரை சீசன்ல எண்ணிக்கை வரம்பும் வெச்சாங்க, நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கவர்மென்ட் பஸ்ல வந்தா இந்தத் தொல்லையே இல்ல. நீங்க காலைல வேலைக்குக் கெளம்ப மாத்து ஆளு செக்போஸ்ட்ல நின்னுக்கிட்டிருந்தா அன்னிக்கு உங்க லீவு தான் போகும்.

மாத்திக்கும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாத்திரை எப்ப குடுத்தது, மோஷன் போச்சா, சுகர் எவ்வளவு, டாக்டரு என்ன சொன்னாருன்னு எழுதி வைங்க. வாட்ஸ்ஆப்ல போட்டா சிக்னல் இல்லாத எடத்துல ஒண்ணும் தெரியாது, அதுவும் போக குட்மார்னிங் மெசேஜுக்கு நடுவுல காணாமப் போயிடும்.

5. மேனேஜர்கிட்ட பேசறது, அப்புறம் எழுத்துல குடுக்கறது

முதல்ல நேர்ல பேசுங்க, ஆனா பேசினதோட நிறுத்தாதீங்க. மேஸ்திரிகிட்ட சொன்னது லீவு இல்ல, சூப்பர்வைசரு தலைய ஆட்டினதும் லீவு இல்ல. ரிஜிஸ்டர்ல ஏறினா தான் லீவு.

பேசும்போது அவங்க கஷ்டத்துக்கும் ஒரு வழி கையில வெச்சுட்டுப் போங்க. ஹோட்டல்ல ஏப்ரல் மே சீசன்ல, மலர் கண்காட்சி சமயத்துல பத்து நாள் லீவுன்னு கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க, அதுக்கு பதிலா "ரெண்டு மாசத்துக்கு நைட் ஷிஃப்ட் போடுங்க சார், பகல்ல அம்மாவப் பாத்துக்கறேன்"னோ, "செவ்வாய் மட்டும் அரை நாள் விடுங்க, ஞாயித்துக்கிழமை ஃபுல்லா நிக்கிறேன்"னோ கேட்டா நடக்கும். ஆபரேஷன் தள்ளிப்போட முடியுற வகைன்னா (கண்புரை, முட்டி, குடலிறக்கம் மாதிரி, டாக்டர் ஒத்துக்கிட்டா) சீசன் முடிஞ்சு ஜூன்ல வைங்க, கூடலூர்க்காரங்களுக்கு மட்டும் ஜூன்னா மழை ஆரம்பிச்சுடும், அவங்க அதையும் பாத்துக்கணும். எஸ்டேட்ல கொழுந்து கொட்டுற மாசத்துல கேக்குறத விட காய்ஞ்ச மாசத்துல கேட்டா சுலபமா கிடைக்கும்.

லெட்டரு பெருசா வேணாம், கண்ணீரும் வேணாம். இப்படி இருந்தா போதும்:

பெறுநர்: மேனேஜர் அவர்கள், (எஸ்டேட் பெயர்)
பொருள்: தாயாரின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பு கோருதல்

ஐயா, நான் தங்கள் எஸ்டேட்டில் (டிவிஷன்) செக்ரோல் எண் (எண்) நிரந்தரத் தொழிலாளியாக வேலை செய்து வருகிறேன். என் தாயாருக்கு வரும் (தேதி) அன்று (மருத்துவமனை)யில் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடக்க உள்ளது. அவரைக் கவனிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆகவே (தேதி) முதல் (தேதி) வரை, என் கணக்கில் உள்ள சம்பளத்துடன் கூடிய விடுப்பையும், அது போதாத நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (தேதி) அன்று வேலைக்குத் திரும்புவேன். நீட்டிக்க வேண்டியிருந்தால் முன்பே எழுத்தில் தெரிவிப்பேன். மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன். தொடர்புக்கு: (கைபேசி எண்)

இதுல "சம்பளமில்லா விடுப்பையும்"ங்கற வரி சும்மா போட்டது இல்ல. சம்பள லீவு தீந்ததும் நீங்க சொல்லாம நின்ன மாதிரி ஆகிடக்கூடாது. கிராஜுவிட்டி சட்டப்படி அனுமதி வாங்குன லீவால சர்வீஸ் முறியாது, சொல்லாம நின்ன நாளுக்கு சர்வீஸ் முறிவுன்னு ஆர்டர் போட எடம் இருக்கு. நிறைய கம்பெனி ஸ்டாண்டிங் ஆர்டர்ல (வேலை விதிமுறை) லீவு முடிஞ்சு 8 நாளைக்குள்ள திரும்பி காரணம் சொல்லலைன்னா வேலை மேல இருக்க உரிமை போயிடும்னும் இருக்கும்.

ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல தேதியோட சீல் வாங்கிக்கோங்க. சீல் வெக்க மாட்டேன்னா அதையே ஃபோட்டோ எடுத்து ஆபீஸ் நம்பருக்கு வாட்ஸ்ஆப்ல போடுங்க, இல்ல ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. ராத்திரி திடீர்னு 108-ல ஏத்திட்டுப் போற மாதிரி ஆயிட்டா ஒரு மெசேஜ் போதும், லெட்டர அடுத்த ரெண்டு நாள்ல பக்கத்து வீட்டு ஆளுகிட்ட குடுத்து விடுங்க.

லீவு தர முடியாது, வேணும்னா எழுதிக் குடுத்துட்டுப் போன்னு சொன்னா அந்த எடத்துலயே எதுலயும் கையெழுத்து போடாதீங்க. யூனியன் இருந்தா யூனியன், இல்லைன்னா குன்னூர்ல தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கு, கொடைக்கானல் ஆளுங்களுக்கு திண்டுக்கல். சண்டைக்குப் போகச் சொல்லல, நிறைய தடவை அங்க இருந்து ஒரு ஃபோன் வந்தாலே மேனேஜரு குரல் மாறிடும்.

6. பணம்

சம்பளம் இல்லாத நாளு வரப்போகுதுன்னா அதுக்கு முன்னாடியே இந்த ரெண்டையும் பாத்து வைங்க.

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்க குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வருமான சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்க மையத்துல பதியணும். கொடைக்கானல்காரங்க திண்டுக்கல் வரை போகணும், அதுக்கே ஒரு லீவு. அதனால வீட்ல எல்லாரும் நல்லா இருக்கும்போதே ஒரு நாள் போயி முடிச்சுட்டு வந்துடுங்க, ஆளு ஐ.சி.யூல இருக்கும்போது வருமான சான்றிதழுக்கு அலையறது கொடுமை. சந்தேகம்னா 1800 425 3993. கூடலூர், பந்தலூர்ல இருந்து வயநாடு, கோழிக்கோடு பக்கம் போறவங்க அந்த ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்துல இருக்கான்னு அட்மிஷனுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க.

பி.எஃப் அட்வான்ஸ்: குடும்பத்து ஆளோட பெரிய நோய்க்கும் ஆபரேஷனுக்கும் உங்க பி.எஃப்ல இருந்து எடுக்கலாம், ஃபாரம் 31, ஆன்லைன்லயே போடலாம், உமாங் ஆப்லயும் வரும். கடன் இல்ல இது, திருப்பிக் கட்ட வேண்டியதில்ல, ஆனா உங்க கடைசிக் காலத்துக் காசு தான் குறையுது. எஸ்டேட் ஆளுங்களுக்கு இங்க ஒரு பெரிய சிக்கல், செக்ரோல்ல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு, ரேஷன் கார்டுல மூணாவதா ஒண்ணு. "மாரியம்மா", "மாரியம்மாள்", "மாரி"ன்னு இருந்தா கிளெய்ம் திரும்பி வந்துடும். பேரு, பிறந்த தேதி, பேங்க் கணக்கு, ஆதாரோட இணைச்ச ஃபோன் நம்பரு எல்லாம் ஒண்ணா இருக்கான்னு இன்னிக்கே பாருங்க, மாத்த வேண்டியிருந்தா ஆபீஸ் மூலமா தான் பெரும்பாலும் போகணும், வாரக்கணக்கா இழுக்கும்.

போனஸ பத்தியும் ஒரு வார்த்தை, அந்தக் கணக்கு வருஷத்துல 30 நாளாவது வேலை செஞ்சிருந்தா போனஸ் உண்டு, அதனால நீண்ட லீவு போட்ட வருஷம் போனஸே கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தொகை குறையும், அது வேற.

7. சொந்தத் தோட்டம், தினக்கூலி

அரை ஏக்கர் டீ, கால் ஏக்கர் கேரட்டு வெச்சிருக்கவங்களுக்கு லீவு குடுக்க யாரும் இல்ல, கேக்கவும் ஆளு இல்ல. ஒரு ரவுண்டு தள்ளிப்போனா இலை முத்திடும், ஃபேக்டரில வெல குறைப்பான். பக்கத்துத் தோட்டத்துக்காரங்கள கிலோ கூலிக்குப் பறிக்கச் சொல்லிட்டு, இலைய உங்க பேர்லயே ஃபேக்டரில எடை போடச் சொல்லுங்க, அப்ப தான் மாசக் கணக்கு உங்க கையில இருக்கும். தினக்கூலிக்குப் போறவங்க மேஸ்திரிகிட்ட எப்ப திரும்புவேன்னு தேதி சொல்லிட்டு நில்லுங்க, நடுவுல ஒரு தடவை ஃபோன் பண்ணிடுங்க, அவ்வளவு தான் அங்க பண்ண முடிஞ்சது.

8. ரெண்டு மூணு நாள பத்திரமா வெச்சுக்கோங்க

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ல மண்ணு சரியறது வருஷா வருஷம் நடக்குது, அப்ப எல்லாம் கோத்தகிரி வழியா சுத்தணும், ரயிலும் நின்னுடும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் மழை. கூடலூர்ல இருந்து மைசூர் ரோட்ல பந்திப்பூருக்குள்ள ராத்திரி 9-ல இருந்து காலை 6 வரை சாதாரண வண்டிய விட மாட்டாங்க. கொடைக்கானல்ல வத்தலக்குண்டு ரோடு அடைச்சா பழனி ரோடு. இதெல்லாம் தெரிஞ்சது தான், ஆனா லீவு லெட்டர்ல தேதி போடும்போது மட்டும் மறந்துடுவோம். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ்னா செவ்வாய்க்கிழமை வேலைக்கு வர்றேன்னு எழுதாதீங்க, டிஸ்சார்ஜ் பில்லு முடிய சாயங்காலம் ஆகும், தையல் போட்ட ஆள கொண்டை ஊசி வளைவுல ராத்திரி கூட்டிட்டு வர முடியாது. புதன்னு எழுதுங்க. இருக்குற சி.எல் அத்தனையையும் முதல் வாரத்துலயே தீக்காம கொஞ்சம் கையில வெச்சிருங்க.

நீட்டிக்க வேண்டி வந்தா லீவு முடியறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், முடிஞ்சப்புறம் சொன்னா அது வெறும் சாக்கா தான் தெரியும். அதே லெட்டரு தான், முந்தின லீவு தேதிய குறிப்பிட்டு, டாக்டரு புதுசா எழுதுன சீட்ட சேத்து, புது தேதி போட்டுக் குடுங்க.

திரும்பி வேலையில சேந்த அன்னிக்கு சேந்துட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்து அதுக்கும் சீல் வாங்குங்க. அந்த மாசச் சம்பளச் சீட்டு வந்ததும் எத்தனை நாள் சம்பள லீவு, எத்தனை நாள் சம்பளமில்லாதது, "ஆப்சென்ட்"னு எதாவது விழுந்திருக்கான்னு லெட்டர பக்கத்துல வெச்சுக்கிட்டு பாருங்க. தப்பா ஏறியிருந்தா அந்த மாசமே போயி கேளுங்க, ரெஜிஸ்டர் மூடி அடுத்த வருஷக் கணக்கு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அத திருத்தறது எங்கள மாதிரி கிளார்க்குக்கும் கஷ்டம்.